கவசம் பொருந்தியது: ஒரு நன்றி மடல்

குருநகர்,
பெரிய வெள்ளி இரவு.

அன்புள்ள தையல் அக்காவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்,

திருப்பாடுகளின் நாடகம் முடிந்து மேடை இன்னும் கழற்றப்படவில்லை. படைவீரரின் கவசம் பொருந்தாமல் கடைசி மூன்று நாளும் பட்ட பாடு ஊருக்கே தெரியும். இன்று படைவீரர் எல்லோரும் கவசத்தோடு முழந்தாளிட்டார்கள், ஈட்டியை உயர்த்தினார்கள், ஒருவருக்கும் கழுத்தை வெட்டவில்லை. அது உங்களால், அக்கா.

மேலங்கிகளுக்குக் கரை அடித்துத் தருவது மட்டும்தான் உங்களிடம் கேட்டிருந்தது. போகிற நேரம் மேசையில் கிடந்த மார்புக் கவசத்தின் பேப்பர் வெட்டு மாதிரியைப் பார்த்து நின்று, "முழுசாப் பெருப்பிச்சா உப்பிடித்தான் வரும். வெட்டி விரியுங்கோ" என்று சொல்லி, தையல் சோக்கால் அதில் மூன்று கோடு கீறினீர்கள். அந்த மூன்று கோட்டுக்குத்தான் இந்த மடல்.

மாதிரி 34 அங்குல நெஞ்சுக்கு வரைந்தது. அணிபவருக்கு 40. கணக்குச் சரிதான் என்று கொப்பி மெசினில் 118 வீதத்துக்குப் பெருப்பித்தால் அகலத்தோடு உயரமும் வளர்ந்துவிடுகிறது. கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை 15 அங்குலம் இருந்தது கிட்டத்தட்ட 17¾ ஆனது. அவருக்கு வேண்டியதோ 16. குனிந்தால் கீழ்விளிம்பு தொடையில் முட்டி, கவசம் முழுவதையும் நாடிக்குத் தள்ளும். தோள் 16 அங்குலம் ஏறக்குறைய 19 ஆகி, கை தூக்க விடாது. மனிதருக்கு நெஞ்சு பருக்கிற அளவுக்குத் தோளும் நாரியும் வளர்வதில்லையே.

நீங்கள் கீறிய முதற்கோடு தோளின் நடுவிலிருந்து கீழ்விளிம்பு வரை. அதை வெட்டி அரை அங்குலம் விரித்தோம். இரண்டாவது கமக்கட்டு வளைவின் அடியிலிருந்து கீழே, அதில் ஓர் அங்குலம். முன்னும் பின்னும், இடமும் வலமுமாக நான்கு கால்பங்குகளிலும் இப்படிச் செய்ய நெஞ்சில் 6 அங்குலம் கூடியது, தோளில் ஓர் அங்குலம்தான் கூடியது. மூன்றாவது நெஞ்சுக்கும் இடுப்புக்கும் இடையில் குறுக்காக, உயரத்துக்கு ஓர் அங்குலம். இடைவெளிகளுக்குப் பின்னால் பிறவுண் பேப்பர் ஒட்டி, உடைந்த விளிம்புகளை வளைவாக மறுபடி வரைந்தால் மாதிரி தயார்.

அளவை வெறும் உடம்பில் எடுக்கக்கூடாது, மேலங்கிக்கு மேலே, மூச்சை நிறைய இழுத்தபடி எடுக்க வேண்டும் என்றீர்கள். கவசம் வெட்டுகிற போம் ஷீற்றின் தடிப்பையும் மறக்கவேண்டாம் என்றீர்கள். 10 மில்லிமீற்றர் ஷீற்றை உடம்பைச் சுற்றி வளைத்தால் உட்பக்கம் நெரிந்து, சுற்றளவில் சுமார் 3 சென்ரிமீற்றர் விழுங்கிவிடும். விலாவை ஒட்டி மூடாமல் இரண்டு அங்குலம் திறந்துவிட்டு வாரால் கட்டச் சொன்னதும் அதற்காகத்தான். உரோமரின் பட்டைக் கவசத்திலும் இரும்புப் பட்டைகளை உள்ளிருந்து பிடித்தது தோல்வார்தான். அந்த இடைவெளி இருந்ததால் இரண்டாம் காட்சியில் ஒரே கவசத்தை இன்னொருவரும் அணிய முடிந்தது.

பேப்பரில் பொருந்துவது ஷீற்றில் பொருந்தாது. பேப்பர் எங்கேயும் மடியும், ஷீற் மடியாது. அதனால் இடையில் ஒருமுறை காட்போட் பெட்டி மட்டையில் வெட்டிப் பார்த்தோம். மட்டையின் உள்வரிகள் மேலிருந்து கீழாக நிற்கவேண்டும், குறுக்கே நின்றால் உடம்போடு வளையாது. போட்டதும் கை உயர்த்தி, குந்தி, முழந்தாளிட்டுப் பார்க்கவேண்டும். நேரே நிற்கும்போது எல்லாக் கவசமும் பொருந்தும்.

மற்ற எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்கிறோம், மன்னியுங்கள். பெட்டி மட்டை தந்த கடைக்காரர்களுக்கும், பழுதான பெரிய பிரதிகளுக்குக் காசு வாங்காத கொப்பிக் கடைத் தம்பிக்கும், மண்டபத்தை இரவிரவாகத் திறந்துவைத்த பங்குத்தந்தைக்கும், தேநீர் ஊற்றிய அம்மாமாருக்கும் நன்றி. மஞ்சள் பசையை இருபுறமும் பூசிப் பத்து நிமிடம் காயவிட்டே அமத்தவேண்டும், தலைச்சீராவின் றெஜிபோமில், அந்த வெள்ளை நுரை மட்டையில், அது பட்டால் கரைந்து குழி விழும் என்று சொல்லித்தந்த செருப்புத் தைக்கும் ஐயாவுக்கும் நன்றி.

அக்கா, உங்கள் சோக்குக் கோடுகள் அழியாமல் அந்த மாதிரியை மண்டப அலுமாரியில் வைத்திருக்கிறோம். 34, 37, 40 என்று மூன்று நெஞ்சளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் தோள், உயரம், தடிப்பு எழுதியாயிற்று. அடுத்த தவக்காலத்தில் எந்தப் பங்கு கேட்டாலும் பேப்பரில் கீறிக்கொண்டு போகலாம். பெருப்பிக்கக் கடைக்கு மட்டும் கொடுத்துவிட மாட்டோம்.

நன்றியுடன்,
உடை ஒப்பனைப் பகுதியினர்