ஹாட் ராட் படங்கள் அனுப்புவோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் இருக்கும் நம் உறுப்பினர்கள் அனுப்பும் ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்) படங்கள் அருமை. ஆனால் பெரும்பாலும் பளபளக்கும் முன்பக்கம் மட்டும்தான் வருகிறது. வண்டியின் கதை உள்ளே இருக்கிறது.

1932 ஃபோர்டு என்றால் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அந்த ஆண்டு வந்த ஃபிளாட்ஹெட் வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு வெறும் 65 குதிரைத்திறன்தான். அதில் கூடுதல் கார்புரேட்டர்களை மாட்டி, கலிபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரியில் இளைஞர்கள் விரட்டினார்கள்.

கூரையை வெட்டித் தாழ்த்திய மெர்க்குரி கார் என்றால் கதவுத் தூணின் உட்புறத்தைக் கிட்டப் போய் எடுங்கள். வெல்டிங் தழும்பும், ஈயத்தை உருக்கிப் பூசி அரம் போட்ட கீறலும் அங்கேதான் தெரியும். கார்களை மாற்றிக் கட்டுவதில் பேர்போன பேரிஸ் (Barris) சகோதரர்கள் 1952இல் முடித்த ஹிரோஹாட்டா மெர்க்குரி, 2017இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியது. பெயர் தெரியாத கொட்டகைகளில் உருவான வண்டிகளுக்கு நாம் எழுதி வைத்தால்தான் உண்டு.

அப்புறம், உரிமையாளர் வயதானவர் என்றால் முதலில் அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள், படம் பிறகு எடுக்கலாம். கூரையை எந்த ஆண்டு வெட்டியது, யார் வெட்டியது, எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். படத்தைச் சுருக்காமல் ஃபைலாகவே அனுப்புங்கள்.