இன்றைய சொல் புதிர்: குறிப்பும் விடையும்

வணக்கமுங்க. கீழ இருக்கற 16 சொல்லையும் ஒரே வகையில வர்ற நாலு நாலா, நாலு குழுவாப் பிரிக்கணும். இன்றைய 16 சொற்கள்:

நொய்யல், சென்னிமலை, காங்கயம், பழனி, நெகமம், அமராவதி, உம்பளச்சேரி, சிவன்மலை, பவானி, பர்கூர், மருதமலை, சிறுமுகை, ஆழியாறு, கதித்தமலை, ஆலம்பாடி, திருமணிமுத்தாறு

இன்னும் போடாதவங்களுக்குக் குறிப்பு: இதுல ஒண்ணு டெல்டா ஊரு. அது இங்க எதுக்கு வந்துச்சுன்னு யோசிங்க, ஒரு குழு சிக்கிரும்.

⬇️ கீழே விடை. போட்டு முடிச்சவங்க மட்டும் படிங்க.

'மலை'ன்னு முடியறது சரியா நாலு இருக்குதுங்க. அதை அப்படியே அமுக்குனா "ஒன்று தவறு"ன்னு வரும். முருகன் கோயில் குழுவுல பழனிக்குத்தான் இடம், சென்னிமலைக்கு இல்லை. ஆத்துலயும் இதே கதை, பவானியோட சேர்த்து அஞ்சு. வேற போக்கிடமே இல்லாத நெகமம், சிறுமுகையில இருந்து தொடங்குனா சிக்கலே இல்லை. நெகமம் காட்டன் சேலை, சிறுமுகை பட்டு, பவானி ஜமுக்காளம், சென்னிமலை போர்வை: நெசவு ஊர்கள்.

முருகன்: மருதமலை, சிவன்மலை, கதித்தமலை, பழனி.
ஆறு: நொய்யல், அமராவதி, ஆழியாறு, திருமணிமுத்தாறு.
மாட்டினம்: காங்கயம், பர்கூர், ஆலம்பாடி, உம்பளச்சேரி. சிவன்மலை காங்கயத்துக்குப் பக்கம்னு ரெண்டையும் ஜோடி சேர்த்தீங்கன்னா ஒரு வாய்ப்பு வீண்.

விடையை நம்ம அரட்டைக் குழுவுல போடறவங்க ராத்திரி 9 மணிக்கு மேல போடுங்க.