லபு வண்டிக்காரருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

தெஹ்ரான், பஹ்மன் 1357 (பிப்ரவரி 1979)

தெஹ்ரான்வாழ் சகோதர சகோதரிகளுக்கு ஸலாம்.

ஷாவை எதிர்த்து 14 ஆண்டுகளுக்குமேல் நாடு கடத்தப்பட்டிருந்த இமாம் கொமேனி திரும்பி வந்த வியாழக்கிழமையன்று, ஊரே மெஹ்ராபாத் விமான நிலையத்தை நோக்கி விரைந்தபோது, என் தாயார் பெஹெஷ்தே ஸஹ்ரா அடக்கத்தலத்தின் 17ஆம் பிரிவுக்குத்தான் போவேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். கடந்த செப்டம்பரில் ராணுவம் கூட்டத்தைச் சுட்ட ஜாலே சதுக்கத்துக்குச் சென்று உயிரிழந்த என் தம்பியின் கப்ர் அங்கே இருக்கிறது. இமாம் பேசவிருந்த இடமும் அதுவே.

இமாமின் வாகனமே நகர முடியாமல் கடைசியில் ஹெலிகாப்டரை நாட வேண்டியிருந்த கூட்டத்தில், முழங்கால் வலியோடு என் தாயார் எவ்வளவு தூரம் நடப்பார்? தெற்கே போகும் சாலையோரத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். அப்போது, வேகவைத்த பீட்ரூட்டைச் சுடச்சுட விற்கும் லபு வண்டிக்காரர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். எதுவும் கேளாமல், தட்டில் எஞ்சியிருந்ததையெல்லாம் அருகிலிருந்தோருக்கு வழங்கினார்; அடுப்பை அணைத்து இறக்கினார்; வண்டிமேல் தம் மேலங்கியை விரித்து என் தாயாரை ஏற்றி, "தியாகியின் தாய், வழிவிடுங்கள்" என்று கூவியபடி அடக்கத்தலம்வரை தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைய வருமானத்தை இழந்த அவர் நாங்கள் நீட்டிய பணத்தைத் தொடவில்லை. தம்பியின் பெயரை மட்டும் கேட்டு, கப்ரருகே ஃபாத்திஹா ஓதிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார். அவருடைய பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

வழிநெடுகத் தேநீரும் ரொட்டியும் தந்த இல்லத்தாருக்கும், கைப்பட்டையணிந்து கூட்டத்தைச் சீர்செய்த வரவேற்புக் குழு இளைஞர்களுக்கும், துப்பாக்கியில் செருகிய பூவை எடுத்தெறியாத சிப்பாய்களுக்கும், மண்ணெண்ணெய் வரிசையில் மாதக்கணக்காக எங்களுக்காக இடம்பிடித்து நின்ற அண்டைவீட்டாருக்கும் எங்கள் நன்றி. நேரடி ஒளிபரப்பைத் திடீரென நிறுத்திய தொலைக்காட்சியாருக்கு மட்டும் நன்றி சொல்ல மனம் வரவில்லை.

ஷா நியமித்த பக்தியார், இமாம் நியமித்த பஸர்கான் என ஒரே நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் இருக்கிற இந்த வாரத்தில், அடுத்து யார் ஆள்வார், எப்படி ஆள்வார் என்பதை என்னால் சொல்ல முடியாது. ஆனால் இனி ஒவ்வொரு வியாழனும் தம்பிக்காக ஓதும்போது அந்த வண்டிக்காரரைப் பெற்றவர்களுக்காகவும் ஓதுவதென்று என் தாயார் நேர்ந்துகொண்டிருக்கிறார். அவருடைய மேலங்கி எங்களிடமே தங்கிவிட்டது. அதைத் துவைத்து, எங்கள் தெருப் பள்ளிவாசலில் அவர் பெயருக்கு இடம்விட்டு ஒரு சீட்டோடு ஒப்படைத்திருக்கிறோம். அவரை அறிந்தவர்கள் தயைகூர்ந்து தெரிவியுங்கள், குளிர் இன்னும் விடவில்லை.