நிலக்கரி வரியில் வளர்ந்த டியூக்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பட்டத்து ராணி கேத்தரினுக்குப் பிள்ளை இல்லை; ஆசைநாயகிகளுக்குப் பிறந்த மகன்களை மன்னர் தாராள மனத்தோடு டியூக் ஆக்கினார் என்கிறார் கட்டுரையாளர். ஆக்கியது உண்மைதான். அந்தத் தாராளம் யார் பணத்தில் என்பதை மட்டும் அவர் சொல்லவே இல்லை.

லூயிஸ் டி கெருவாய் என்ற பிரெஞ்சுப் பெண்மணியின் மகன் சார்லஸ் லென்னாக்ஸ் 1675-இல் ரிச்மண்ட் டியூக் ஆனபோது அவனுக்கு வயது மூன்று. வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நியூகாசிலிலிருந்து கப்பலேறும் நிலக்கரியில் சால்ட்ரன் என்ற அளவுக்கு ஒரு ஷில்லிங் வசூலித்துக்கொள்ளும் உரிமையை, மறு ஆண்டே பரம்பரைச் சொத்தாக எழுதிக் கொடுத்துவிட்டார் தகப்பனார். லண்டன் வீடுகளில் அடுப்பெரிந்தது பெரும்பாலும் அந்தக் கரியில்தான். குளிருக்குக் கணப்பு மூட்டிய சாதாரணக் குடும்பங்கள் டியூக் வீட்டுக்குப் படியளந்தன. இது நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1799-இல் அரசாங்கமே தலையிட்டு, ஆண்டுக்கு 19,000 பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டு அந்த உரிமையைத் திரும்ப வாங்கியது. அந்தப் பணமும் மக்கள் பணம்தானே! ரிச்மண்ட் வம்சம் இன்றும் குட்வுட் மாளிகையில் வசதியாக இருக்கிறது. கார் பந்தயம் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம்.

எல்லாப் பிள்ளைகளையும் மன்னர் ஒரே மாதிரி நடத்தினார் என்பதும் சரியில்லை. மன்னரின் இன்னொரு ஆசைநாயகி பார்பரா வில்லியர்ஸின் மகன்களில் இருவர் அதே 1675-இல்தான் டியூக் ஆனார்கள். யாருடைய பட்டயம் முந்துகிறதோ அவருக்கே வரிசையில் முதலிடம் என்பதால் தாய்மார்களுக்குள் போட்டி. லூயிஸின் வக்கீல் நள்ளிரவில் கருவூலத் தலைவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. நாடக நடிகை நெல் க்வின்னின் மகனோ லென்னாக்ஸுக்கு மூத்தவன், 1670-இல் பிறந்தவன். அவன் செயின்ட் ஆல்பன்ஸ் டியூக் ஆனது 1684-இல்தான். அம்மா மேடையேறியவள் என்றால் பிள்ளைக்குக் காத்திருப்பு கூடுதல் போலும்.

கிரீடத்தில் மட்டும் யாருக்கும் பங்கில்லை. மன்னரின் மூத்த மகன் மான்மத் டியூக் அதைக் கேட்டு 1685-இல் படை திரட்டினார், செட்ஜ்மூரில் தோற்றார், சில நாட்களிலேயே டவர் ஹில்லில் தலை போனது. மரண தண்டனை நிறைவேற்றும் பணியில் இருந்த ஜாக் கெட்ச் என்பவன் ஒரே வெட்டில் முடிக்கத் தெரியாமல் பலமுறை வெட்டினான். மான்மத் பட்டம் பறிமுதலானது. ஆனால் அவருடைய மனைவி ஆன், பக்லூ சீமாட்டி என்ற பட்டத்தைத் தன் சொந்த உரிமையில் வைத்திருந்தார். அதை யாரும் தொட முடியவில்லை. இன்றைய பக்லூ டியூக் அந்த வழியில் வந்தவர்தான்.

இன்னொரு வேடிக்கை. இப்படி வழங்கிய பட்டங்கள், முறையான மணத்தில் பிறந்த ஆண் வாரிசுக்கே போகும் என்பது விதி. முறையான மணத்தில் பிறக்காத முதல் டியூக்கின் பட்டயத்திலேயே இந்த நிபந்தனை!

அடுத்த கட்டுரையில் நான்காம் வில்லியமைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். டோரதி ஜோர்டன் என்ற நடிகையிடம் அவருக்குப் பத்துப் பிள்ளைகள். மூத்தவருக்கு 1831-இல் கிடைத்தது டியூக்கைவிடத் தாழ்ந்த மன்ஸ்டர் ஏர்ல் பட்டம்தான், டியூக் இல்லை. ஏன் என்று கட்டுரையாளர் விளக்கினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்