ஏர்கன் கட்டைக்கு எண்ணெய் மெருகு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"வார்னிஷ் அடித்தால் மறுநாளே கைக்கு வந்துவிடுமே, உங்களுக்கு மட்டும் ஏன் மூன்று வாரம்?" என்று ஏர்கன் கட்டையை, அதாவது காற்றழுத்தத் துப்பாக்கியின் மரப் பகுதியை, மெருகுக்குத் தருபவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே என்பதால், கிருஷ்ணகிரியில் எங்கள் பட்டறையில் நடக்கும் வேலையை விளக்கி இம்மடலை எழுதுகிறோம்.

பழைய வார்னிஷைச் சுரண்டி நீக்கியதும், பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணியை விரித்து இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி எடுப்போம். ஆவி பட்டதும் நசுங்கிய நார் உப்பி மேலெழும். நார் அறுந்துபோன வெட்டுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. பிறகு 220, 320 எண் உப்புத்தாள்களால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, தண்ணீர் தடவி உலரவிட்டு, சிலிர்த்து நிற்கும் நாரை மறுபடியும் தேய்த்து எடுத்த பின்னரே சாயத்தைத் தொடுவோம். தோளில் பதியும் பின்முனை குறுக்குவெட்டு முகமாக இருப்பதால் சாயத்தை அதிகம் குடித்துக் கறுத்துவிடும். அதை மட்டும் 400 எண் தாளால் கூடுதலாக இழைக்கிறோம்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிக் கைவினைஞர்கள் அல்கனெட் என்னும் வேரை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துச் சிவப்பு ஏற்றினார்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேம்பாளம் பட்டையும் எண்ணெயைச் சிவக்க வைக்கும் என்பதால், அதைப் போடச் சொல்வோர் உண்டு. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு அது பொருத்தம்; வெயில்படும் கட்டைக்கு நாங்கள் அதை நம்புவதில்லை.

உண்மையில் நாள் பிடிப்பது எண்ணெய்ப் பூச்சுதான். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. சில துளிகளை உள்ளங்கையில் எடுத்து, சூடு பிறக்கும்வரை தேய்த்து, மிஞ்சியதைத் துடைத்துவிட்டு, அது காய்ந்த பிறகே அடுத்த பூச்சை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கனமாகப் பூசினால், ஆறிய பாலைப் போல மேலே ஆடை கட்டி, அடியில் பிசுபிசுப்பு தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் காய்வது இன்னும் தாமதமாகும். அம்மாதங்களில் தருபவர்கள் கூடுதலாக ஒரு வாரம் பொறுத்தருள வேண்டும்.

கட்டையை வாங்கிச் சென்ற பின் பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். அது எத்தனை நாளானாலும் இறுகாது. தூசியைப் பிடித்துவைப்பதோடு, பின்னர் நாங்கள் பூசும் எண்ணெயையும் ஒட்டவிடாது. வீட்டில் ஆளிவிதை எண்ணெயே தடவுபவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியில் தனியாக விரித்துக் காயவைக்கவும். குவிந்து கிடக்கும் எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது.

ஏர்கன் கட்டைகளை மட்டுமே, அதுவும் குழலைக் கழற்றிய நிலையில் ஏற்கிறோம். வெடிமருந்துத் துப்பாக்கிகளை, உங்களிடம் உரிமம் இருந்தாலும், எடுத்து வர வேண்டாம். அவற்றைப் பழுதுபார்க்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். எங்களிடம் அது இல்லை.

இப்படிக்கு,
பட்டறையினர்,
கிருஷ்ணகிரி