தட்டிப் பார்க்காமலே சுவர் முழுக்கக் கொத்துவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்குப் பூச்சு வேலையில் ஆகும் செலவைப் பற்றி உங்கள் நாளிதழுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வேலூரில் கொசப்பேட்டை, சலவன்பேட்டை, வேலப்பாடி பக்கம் நடந்து போனால் எங்காவது ஒரு வீட்டில் சாரம் கட்டிச் சுவரைக் கொத்திக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அறுபது எழுபது வருஷத்து வீடுகள். சூளைச் செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை. இடித்துக் கட்ட மனமோ காசோ இல்லாதவர்கள் பூச்சையாவது மாற்றுவோம் என்று இறங்குகிறார்கள், இறங்கிய பிறகுதான் கணக்கு எங்கேயோ போய் நிற்கிறது.

எங்கள் வீட்டுக்கு மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் சதுர அடிக்கு 55 ரூபாய் என்றார், இன்னொருவர் 90 என்றார், மூன்றாமவர் "மொத்தமா ரெண்டரை லட்சம் ஆகும், பாத்துக்கலாம்" என்றார். எத்தனை கனத்துக்கு, என்ன கலவைக்கு, பழைய காரையைக் கொத்தி அள்ளிப் போடுவது இதில் சேர்ந்ததா இல்லையா, எதையும் யாரும் எழுதித் தரவில்லை. கேட்டால் "உங்களுக்கு அதெல்லாம் எதுக்கு சார்" என்கிறார்கள். பணம் கொடுக்கிறவர்களுக்குத்தானே அது வேண்டும்?

முதல் குழப்பம் சதுர அடியிலேயே ஆரம்பிக்கிறது. வீடு 800 சதுர அடி என்றால் பூச்சும் 800 என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றைப் பாருங்கள், தரை 120 சதுர அடிதான். ஆனால் பழைய வீட்டில் சுவர் பதினோரு அடி உயரம் இருக்கும், நாலு பக்கமும் சேர்த்தால் 484 சதுர அடி. அதாவது தரையைப் போல நாலு மடங்கு. இதில் கதவு ஜன்னலைக் கழிப்பதில் வேறு தகராறு. அதற்கும் முறை இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவெடுக்கும் விதிப்படி, அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்பைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை, சுவரின் இரண்டு பக்கமும் பூசினால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும், நிலையை ஒட்டிய ஓரங்களைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. நடப்பில் கதவைக் கழிக்காமலே விடுகிறார்கள், ஓரத்துக்குத் தனியாக அடிக்கணக்கும் போடுகிறார்கள்.

அப்புறம் கனம். புதுச் சுவர் என்றால் உள்பூச்சு 12 மில்லிமீட்டர் போதும். பழைய சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஒரு மூலை உள்ளே போயிருக்கும், ஒரு இடம் புடைத்திருக்கும், அதைச் சமன் செய்யப் போனால் 25 மில்லிமீட்டர் வரை ஏறிவிடும். 12 மில்லிமீட்டருக்கு நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை சிமெண்ட் என்றால், 25க்கு இரண்டு மூட்டை. கனத்தை எழுதாமல் சொல்லும் விலைக்கு அர்த்தமே கிடையாது, நடுவில் "சுவர் கோணல், எக்ஸ்ட்ரா ஆகும்" என்று கை நீட்டுவதற்கான இடமும் அதுதான்.

சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, நல்ல விஷயம், ஆனால் பூச்சு வேலையில் அதனால் பெரிதாக ஒன்றும் குறையாது. மேலே சொன்ன அறைக்கே 12 மில்லிமீட்டர் கனத்தில் ஐந்து மூட்டைக்குள்தான் சிமெண்ட், மணல் கால் யூனிட் (25 கன அடி). பெரும்பங்கு கூலிதான். கூலியைக் குறைக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை, வேலூர் வெயிலில் சாரத்தில் நிற்கும் மேஸ்திரிக்கும் கீழே கலவை தூக்கும் சித்தாளுக்கும் இன்னும் கொடுக்கலாம். என் கோபம் தேவையில்லாத வேலைக்குக் கூலி கொடுக்க வைப்பதில்தான்.

வந்து பார்க்கிற எவரும் முதலில் சொல்வது "எல்லாத்தையும் கொத்தி எடுத்துடணும்" என்பதுதான். ஏன்? பழைய காரையை ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே போனால் போதும், உள்ளே பொருமி விட்டுப்போன இடம் பொள்ளலாகக் கேட்கும், பிடித்திருக்கிற இடம் கெட்டியாகக் கேட்கும். எங்கள் வீட்டில் தரையிலிருந்து இடுப்பளவு வரை ஓதம் ஏறி உப்புப் பூத்துப் போயிருந்தது, குளியலறையை ஒட்டிய சுவரும் அப்படித்தான். அதற்கு மேலே உளி போட்டால் உளி திரும்பியது. அந்தக் காரையைப் பெயர்த்தெடுக்க ஒரு கூலி, அள்ள ஒரு கூலி, டிராக்டருக்கு ஒரு வாடகை, அப்புறம் அதே இடத்தில் புதிதாகப் பூச இன்னொரு கூலி. ஒரு அங்குலக் கனத்தில் 500 சதுர அடி காரையைக் கொத்தினால் கிட்டத்தட்ட இரண்டு டன் கழிவு விழும். அது எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் பாலாற்றுக் கரையில் கிடக்கும் குவியல்களைப் போய்ப் பாருங்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. சுண்ணாம்பில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி மெதுவாக வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நாலு என்று கெட்டியான கலவையைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே நிற்கும், இல்லையென்றால் பூச்சு நின்ற உயரத்துக்கு மேலே ஏறும். மென்மையான சுவரின் மேல் விறைப்பான பூச்சு நிற்காது, சில வருஷத்தில் பலகை பலகையாகப் பெயர்ந்து விழும், மறுபடியும் அதே செலவு. சிமெண்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு என்று கலந்து பூசும் முறை புதிதல்ல, தர நிர்ணய விதிகளிலேயே உண்டு. ஆனால் இன்று அதைக் கேட்டால் மேஸ்திரிகள் சிரிக்கிறார்கள். கோயில் திருப்பணிகளில் மட்டும் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கிறார்கள், கடுக்காய் நம் ஜவ்வாது மலையிலேயே கிடைக்கிறது, வீடுகளுக்கு அந்த வேலை தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

மணல், தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. பூச்சுக்குச் சலித்த பி-சாண்ட் (பூச்சுக்கென்றே கல்லை நைசாக அரைத்த மணல்) வேண்டும், பலர் கான்கிரீட்டுக்கான கொரகொரப்பான எம்-சாண்டையே கொட்டிவிட்டுப் போகிறார்கள், சிலர் கிரஷர் தூளைக் கொட்டுகிறார்கள். உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள தெருக்களில் அந்தத் தண்ணீரிலேயே கலவை போட்டால் புதுப் பூச்சிலும் உப்புப் பூக்கும். பூசிய பிறகு ஒரு வாரமாவது நனைக்க வேண்டும், அந்தத் தண்ணீர்ச் செலவையும் யாரும் கணக்கில் சொல்வதில்லை.

பொதுப்பணித்துறை ஒவ்வொரு ஆண்டும் விலை விகித அட்டவணை போடுகிறது. அதிலிருந்து கொத்துவது, பூசுவது, கழிவு அகற்றுவது ஆகியவற்றை மட்டும் எடுத்து, சுவர் அளவு, கனம், கலவை, விலை என்று தமிழில் ஒரே பக்கமாக மாநகராட்சி மண்டல அலுவலகங்களில் ஒட்டினால் விலை பேசும்போது எங்கள் கையிலும் ஒரு காகிதம் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சுக்கும் அதில் ஒரு வரி வேண்டும், கட்டடத் தொழிலாளர் நல வாரியம் அந்த வேலைக்குப் பயிற்சியும் தர வேண்டும். மத்திய அரசு வருமான வரியையும் பார்க்கட்டும். பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டைக் கட்டவோ வாங்கவோ எடுத்த கடனின் வட்டிக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ள விடுகிறார்கள், அதே வீட்டைப் பழுதுபார்க்க எடுத்த கடனின் வட்டிக்கு வெறும் 30,000 ரூபாய். இருக்கிற வீட்டைக் காப்பாற்றிக்கொள்கிறவனுக்கு ஏன் இந்தப் பாரபட்சம்? அந்த 30,000 ரூபாய் வரம்பை உயர்த்தச் சொல்லி நம் நாடாளுமன்ற உறுப்பினர் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கொசப்பேட்டை வாசகர், வேலூர்