தனியார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மதிப்பை ஆசிரியர் பட்டியல் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவத்தில் தனியார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களின் முழுப்பக்க விளம்பரங்கள் நாளிதழ்களை நிறைத்துவிடுகின்றன. தரவரிசையில் கிடைத்த இடம், தேசிய மதிப்பீட்டுக் குழு அளித்த தரக் குறியீடு, வளாகத் தேர்வில் ஒரே ஒரு மாணவர் பெற்ற உச்ச ஊதியம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடனான ஒப்பந்தங்கள் எல்லாம் அவற்றில் பெரிய எழுத்தில் இடம்பெறுகின்றன. அங்கே சேரப்போகும் பிள்ளைக்கு முதலாமாண்டில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கப்போகிறவர் யார், அவர் நிரந்தரப் பணியில் இருக்கிறாரா, ஒரு வகுப்பில் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்பவற்றுக்கு அங்கே ஒரு வரிகூடக் கிடையாது. பொறியியல் கல்லூரிகளில் நீண்ட காலம் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், இந்த நிறுவனங்களின் மதிப்பை நாம் எதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது பற்றிச் சில கருத்துகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இவற்றின் வளர்ச்சியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 1984-இல் தமிழக அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டதற்கு முன்பு, மாநிலத்தில் பொறியியல் இடங்கள் மிகச் சிலவே இருந்தன. அந்த ஆண்டில் வேலூரில் 180 மாணவர்களுடன் தொடங்கிய பொறியியல் கல்லூரி 2001-இல் தானே பட்டம் வழங்கும் உரிமையுள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, இன்று விஐடி என்ற பெயரில் நாடு முழுவதிலுமிருந்து மாணவர்களை ஈர்க்கிறது. அதே 1984-இல் தஞ்சையில் தொடங்கிய சாஸ்த்ராவும் 2001-இலும், 1985-இல் தொடங்கிய எஸ்ஆர்எம் 2002-இலும் அதே நிலையை எட்டின. இருபது ஆண்டுகளுக்குள் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகமாக உயர்வது எளிய செயலன்று. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற எண்ணற்ற இளைஞர்களின் வாழ்வு மாறியதில் சுயநிதிக் கல்விக்கும் பங்குண்டு. அதை மறுப்பது நியாயமாகாது.

ஆனால் நிகர்நிலை என்ற தகுதி வந்தவுடன் ஓர் அடிப்படை மாற்றம் நிகழ்வதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி பெறாத ஒரு கல்லூரியில் பாடத்திட்டத்தை வகுப்பதும், வினாத்தாளைத் தயாரிப்பதும், விடைத்தாள் திருத்தத்தை நடத்துவதும், பட்டம் வழங்குவதும் அந்தக் கல்லூரிக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின் கீழ் நிகர்நிலைத் தகுதி பெற்ற நிறுவனத்திலோ இவை அனைத்தும் ஒரே நிர்வாகத்தின் கையில் சேர்கின்றன. புதிய பாடங்களை விரைவாகக் கொண்டுவரவும், மாணவர் தமக்கு வேண்டிய தாள்களைத் தேர்ந்தெடுக்கவும் இந்தச் சுதந்திரம் உதவுகிறது என்பது உண்மை. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் கற்பிப்பவரும் தேர்வு வைப்பவரும் தேர்ச்சியை அறிவிப்பவரும் ஒருவரே என்னும்போது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும் சான்று மிகவும் குறைந்துவிடுகிறது.

இது வெறும் ஐயம் அன்று. 2009-இல் நடுவண் அரசு அமைத்த டாண்டன் குழு, நாட்டின் 44 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தத் தகுதிக்கு உரியவை அல்ல என்று கருத்துரைத்தது. தமிழகத்தைச் சேர்ந்த நிறுவனங்களும் அப்பட்டியலில் இருந்தன. இது தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும், அங்கே படித்தவர்கள் தங்கள் பட்டம் செல்லுமா என்ற கவலையோடு காத்திருந்தார்கள். 2017-இல், உரிய ஒப்புதலின்றித் தொலைநிலை வழியில் பொறியியல் பட்டங்கள் வழங்கிய நிகர்நிலை நிறுவனங்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியபோதும், பாதிப்பின் பெரும்பகுதி பணம் கட்டிப் படித்தவர்கள் மீதே விழுந்தது.

நடுவண் அரசு 2016 முதல் வெளியிடும் உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசை (என்ஐஆர்எஃப்) இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும் என்று பலரும் நம்பினோம். கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30 விழுக்காடு, ஆராய்ச்சிக்கு 30, மாணவர் தேர்ச்சிக்கும் வேலைவாய்ப்புக்கும் 20, சமூகப் பரவலுக்கு 10, பொது எண்ணத்துக்கு 10 என்பது அதன் கணக்கு. பகுப்பில் நான் பெரிய குறை காணவில்லை. ஆனால் கற்பித்தல் பகுதிக்கான தரவுகளில் பெரும்பாலானவற்றைத் தருவது அந்தந்த நிறுவனமே. ஆராய்ச்சிப் பகுதியில் கட்டுரைகளின் எண்ணிக்கையும் மேற்கோள்களும் பெரிதும் எடைபோடுவதால், ஆண்டுக்கு இத்தனை கட்டுரைகள் வெளியிட வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு இலக்கு வைக்கும் வழக்கம் பரவிவிட்டது. வாரம் முழுவதும் வகுப்பும் ஆய்வகமும் விடைத்தாளுமாக இருக்கும் ஓர் உதவிப் பேராசிரியர், அந்த இலக்கை எட்ட எதை விட்டுக்கொடுப்பார்? பெரும்பாலும் வகுப்பறைத் தயாரிப்பைத்தான். இதை நான் வருத்தத்துடனேயே எழுதுகிறேன். திறமையும் ஆர்வமும் மிக்க இளம் ஆசிரியர்கள் பலர் இந்த நெருக்கடியில் சோர்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன்.

ஆசிரியர் கணக்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதற்கு 2024-இல் நமக்குத் தெளிவான பாடம் கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே ஆசிரியரின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. பட்டியல் பொதுவெளியில் இருந்ததால்தான் வெளியாட்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. தனியார் பல்கலைக்கழகங்களிலும் இதே தவறு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி நடக்கவில்லை என்பதை எவரும் தாமே சரிபார்த்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறேன். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) 2018-இல் ஆசிரியர்–மாணவர் விகிதத்தை 1:15-இலிருந்து 1:20 ஆகத் தளர்த்திய பிறகு இந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது. கணினி அறிவியல் துறையில் மட்டும் இடங்கள் பெருகிக்கொண்டே போகும்போது, நிறுவனம் முழுமைக்குமான சராசரி விகிதம் அந்தத் துறையின் நெருக்கடியை மறைத்துவிடும். ஆகவே துறைவாரியான எண்ணிக்கை வேண்டும்.

மதிப்பு எப்படிச் சேர்கிறது என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. 1964-இல் நிகர்நிலைத் தகுதி பெற்ற, ராஜஸ்தானின் பிலானியில் உள்ள தனியார் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான பிட்ஸ், தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவின் எம்ஐடி-யின் ஒத்துழைப்போடு பாடத்திட்டத்தை வகுத்தது. 1973-இல் மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பி, அங்கே ஆசிரியர் மேற்பார்வையில் பயிலவைக்கும் முறையைத் தொடங்கி, அரை நூற்றாண்டாக அதைத் தொடர்ந்து நடத்திவருகிறது. அதன் பெயரை நிலைநிறுத்தியதில் இத்தகைய விடாமுயற்சிக்குப் பெரும் பங்குண்டு.

சமூக நீதியின் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. தமிழகத்தின் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்கு வெளியே மாணவர்களைச் சேர்ப்பதால், 69 விழுக்காடு இட ஒதுக்கீடும், 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் கிடைத்த 7.5 விழுக்காடும், முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் இந்நிறுவனங்களின் இடங்களை எட்டுவதில்லை. விஐடி அரசுப் பள்ளிகளில் முதலிடம் பெறும் கிராமப்புற மாணவர்களை மாவட்டவாரியாகத் தேர்ந்து இலவசமாகப் படிக்கவைப்பதும், சாஸ்த்ரா தஞ்சை, திருவாரூர் மாவட்ட மாணவர்களுக்கு ஒரு பகுதி இடங்களை ஒதுக்குவதும் பாராட்டுக்குரியவை. இவை நிர்வாகத்தின் நல்லெண்ணத்தைச் சார்ந்தவை; எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் வெளியிட்டால், மற்றவையும் பின்பற்ற ஊக்கம் பிறக்கும்.

நான் கேட்பது புதிய சட்டம் ஒன்றும் அன்று. தரவரிசைக்காக அனுப்பும் விவரங்களிலேயே ஆசிரியர்களின் பெயர், தகுதி, பணியில் சேர்ந்த நாள், நிரந்தரமா ஒப்பந்தமா என்பதும், வேலை பெற்ற மாணவர்களின் இடைநிலை ஊதியமும் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் பெறும் தொகை) இருக்கின்றன. ஆயினும் அவை இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில், ஆங்கிலத்தில், பெற்றோர் கண்ணில் படாத கோப்பாகக் கிடக்கின்றன. அதே விவரங்களைத் துறைவாரியாகவும் வளாகவாரியாகவும் பிரித்து, தமிழிலும் எழுதி, விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட வேண்டும். வளாகவாரியாக என்று வலியுறுத்தக் காரணம் உண்டு: ஒரே பெயரில் வெவ்வேறு மாநிலங்களில் இயங்கும் வளாகங்கள் சில, அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் அமைந்த தனிப் பல்கலைக்கழகங்கள், ஒன்றின் தரவரிசை மற்றொன்றுக்குச் சேராது. தரும் விவரங்களைக் குழு ஆண்டுக்கு ஒருமுறையேனும் முன்னறிவிப்பின்றி நேரில் சென்று சரிபார்க்கவும் வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் சேர்க்கை விளம்பரங்களை வெளியிடும் நாட்களில், அந்தந்தப் பல்கலைக்கழகம் தானே அளித்துள்ள நிரந்தர ஆசிரியர் எண்ணிக்கையையும் இடைநிலை ஊதியத்தையும் ஓர் அட்டவணையாகக் கல்விப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியியல் ஆசிரியர் ஒருவர்